குகை ஓவியத்தின் அடுக்குகள்: அஜந்தா முதல் துன்ஹுவாங் வரை

அஜந்தா ஓவியங்களைப் 'பாறை ஓவியம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே பாறைமேல் நேராகப் பூசிய நிறம் என்று தேடினால் கிடைக்காது. பாறைக்கும் ஓவியத்துக்கும் நடுவே ஒரு மண்பூச்சு இருக்கிறது. நம் ஊர்க் கூரைவீட்டுச் சுவருக்குக் களிமண்ணில் வைக்கோலும் உமியும் போட்டு மிதித்துப் பூசுவார்களே, ஏறக்குறைய அதே சங்கதிதான். பல இடங்களில் அதன் தடிமன் ஒரு விரலுக்கும் குறைவு. 1,500 ஆண்டுகளாகத் தாமரை ஏந்தி நிற்கும் பத்மபாணி போதிசத்துவர் அந்த மண்ணின்மேல்தான் நிற்கிறார்.

ஆப்கானிஸ்தானின் பாமியான், சீனாவின் மேற்கு எல்லையிலுள்ள கிசில், கோபிப் பாலைவன ஓரத்துத் துன்ஹுவாங் என்று எங்கே போனாலும் சுவரின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. உள்ளிருந்து வெளியே வரிசையாகச் சொன்னால்: பாறை, கரடான மண்சாந்து, மென்மையான மேல்சாந்து, வெள்ளை அடிப்பூச்சு, கோடு, நிறம். இந்த அடுக்கை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானே பிடிபடும். ஒரு ஊரில் ஓவியமும் இன்னொரு ஊரில் சிற்பமும் ஏன் ஓங்கியது, சில முகங்கள் ஏன் கறுத்துப்போயின, ஓவியத்தை எப்படிப் பெயர்த்துத் திருடினார்கள், மழையே பெய்யாத ஊரில் சுவர் ஏன் உப்புப் பூக்கிறது என்ற எல்லாவற்றுக்கும் விடை அந்த அடுக்குகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கல்

குடைவரையைப் புரிந்துகொள்ள மன்னர் பட்டியலைவிடக் கல்லின் வகை அதிகம் உதவும்.

இந்தியாவின் மிகப் பழைய குடைவரைகள் பீகாரின் பராபர் மலையில் உள்ளவை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் ஆசீவகம் என்ற வேறொரு சமயத்தின் துறவிகளுக்குக் கொடுத்தவை. (பௌத்தக் குகைகளின் மூதாதை ஆசீவகர் குகை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.) அது கருங்கல். குடைவது பெரும்பாடு, ஆனால் தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும். ஆகவே பராபரில் அறை சிறியது, சுவர் வழவழப்பு, ஓவியம் இல்லை. அந்தப் பளபளப்பில் மண்சாந்து ஒட்டவும் ஒட்டாது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தக்காணத்திலும் கிடப்பது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் பாறை. உறுதியானது, ஆனால் உளிக்கு இடம் கொடுக்கும். அகலமான கூடங்களைத் தாங்கி நிற்கும். பாஜா, கார்லா, அஜந்தா, எல்லோரா எல்லாம் இந்தக் கல்லில் பிறந்தவை. உளி பட்ட இடம் கரடாகவே நிற்பதால் சாந்துக்கு நல்ல பிடிமானம். சிற்பம், ஓவியம் இரண்டுக்கும் இசைந்த கல் இது. அஜந்தாவில் இரண்டும் சேர்ந்தே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சீனாவின் யுன்காங் மணற்கல் மலை. அங்கே கி.பி. 460 அளவில் தான்யாவ் என்ற துறவியின் மேற்பார்வையில் வடக்கு வெய் அரசு பிரம்மாண்டமான புத்தர்களைச் செதுக்கியது. 493இல் தலைநகர் லோயாங்குக்கு மாறியபோது வேலையும் கூடவே போனது. அங்கே லோங்மென்னில் இருப்பது அடர்த்தியான சுண்ணாம்புக்கல். நகைக்கடை நுணுக்கத்தில் செதுக்கலாம். 17 மீட்டர் உயர வைரோசன புத்தரின் முகத்தில் இன்றும் அந்தக் கூர்மை தெரிகிறது.

துன்ஹுவாங் போனால் கதை தலைகீழ். அந்தக் குன்று கூழாங்கல்லும் மணலும் இறுகிய சரளைப்பாறை. உளி வைத்தால் கூழாங்கல் பெயர்ந்து கையோடு வரும். மூக்கும் விரலும் அதில் செதுக்கவே முடியாது. குடைவது எளிது, செதுக்குவது நடவாது. அதனால் அங்கே சிலைகள் மண்ணால் ஆனவை: மரக்கட்டையை நட்டு, நாணலையும் புல்லையும் கட்டி உருவம் கொண்டுவந்து, அதன்மேல் களிமண் அப்பி, நிறம் தீட்டினார்கள். மிகப் பெரிய சிலைகளுக்கு மட்டும் பாறையையே உத்தேசமாக உடல் வடிவில் விட்டுவிட்டு மேலே மண்ணால் தோல் போர்த்தினார்கள். 96ஆம் குகையின் 35 மீட்டர் புத்தர் அப்படிப்பட்டவர். செதுக்க முடியாத சுவர்களை நிரப்ப ஒரே வழி ஓவியம். துன்ஹுவாங்கின் மோகாவ் குகைகளில் சுமார் 45,000 சதுர மீட்டர் சுவரோவியம் இருக்கிறது; ஓவியமோ சிலையோ உள்ள குகைகள் 492. உலகத்தின் மிகப் பெரிய பௌத்த ஓவியக் கூடம் உருவானதற்குப் பக்தியோடு மட்டமான கல்லும் ஒரு காரணம்.

பாமியானும் சரளைப்பாறைதான். 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட 55 மீட்டர், 38 மீட்டர் புத்தர்கள் இருவருக்கும் பாறையில் உத்தேச உருவம். ஆடையின் மடிப்பெல்லாம் மரமுளை அடித்து, கயிறு கட்டி, மேலே பூசிய மண்சாந்து.

கொரியாவில் கருங்கல். அதைக் குடைந்து மாளாது என்பதால் 751இல் தொடங்கிய சொக்குராமில் வெட்டிய கற்களை அடுக்கிக் கூடமும் கவிமாடமும் கட்டி, மேலே மண்ணைக் குவித்துக் 'குகை' ஆக்கினார்கள். குகை வேண்டும் என்ற ஆசைக்குப் பாறை இணங்காதபோது எடுத்த மாற்றுவழி. தமிழகத்திலும் கல் இதே கடுங்கல்தான். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டதும், நம் பல்லவர் குடைவரைகள் அஜந்தாவோடு ஒப்பிட அடக்கமாக இருப்பதும் இந்தக் கடினத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மேலிருந்து கீழே

வீடு கட்டுவது கீழிருந்து மேலே. குடைவது மேலிருந்து கீழே. குன்றின் முகத்தில் கூரை மட்டத்தில் ஒரு புழை போட்டு உள்ளே போய், முதலில் விதானத்தை முடித்துவிடுவார்கள். நிற்கும் தரையே சாரம். பிறகு தரையை இறக்கிக்கொண்டே வந்தால் தூண்கள் மேலிருந்து கீழாக வெளிப்படும். கடைசியில்தான் தரை. அஜந்தாவில் பாதியில் நின்ற குகைகள் இதற்குப் பாடப்புத்தகம்: 29ஆம் எண் குகையில் தொடக்க நிலையைப் பார்க்கலாம், 24ஆம் குகையில் தூண்கள் பாதி உருண்டும் பாதி கட்டியாகவும் நிற்கின்றன. அழகான குகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

இந்த முறையில் தவறுக்கு மன்னிப்பில்லை. ஒரு தூணைத் தவறான இடத்தில் வெட்டிவிட்டால் கல்லைத் திரும்ப வைக்க முடியாது. பாறைக்குள் மறைந்திருக்கும் பிளவு, குடைந்த பிறகே தெரியவரும். அப்போது திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். மழைநீர் இறங்குவதும் அந்தப் பிளவுகள் வழியேதான். ஓவியத்துக்கு எமன் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறான்.

குகைகள் இரண்டு வேலைக்கானவை. சைத்தியம் என்பது வழிபாட்டுக் கூடம்: நீண்ட அறை, இருபுறமும் தூண் வரிசை, அரைவட்டமாக முடியும் பின்முனையில் ஒரு தூபி, அதைச் சுற்றிவர வழி. அஜந்தாவின் 9, 10, 19, 26 இந்த வகை. விகாரை என்பது துறவிகள் தங்குமிடம்: நடுவில் சதுரக் கூடம், சுற்றிலும் கல் கட்டிலோடு சிற்றறைகள். பிற்கால விகாரைகளின் பின்சுவரில் புத்தர் கருவறை ஒன்றும் சேர்ந்துகொண்டது. சைத்தியக் கூரையில் வளைவாக ஓடும் விலாச் சட்டங்களைக் கவனியுங்கள். கல்லுக்கு அவை தேவையே இல்லை. மரக் கட்டடத்தின் பழக்கம் கல்லுக்குள்ளும் தொடர்ந்திருக்கிறது. கார்லாவில் அந்த மரச் சட்டங்களே இன்னமும் கூரையில் இருக்கின்றன.

கிழக்கே போகப் போகத் தூபி உருமாறுகிறது. கிசிலில் தூபிக்குப் பதிலாகப் பாறையை ஒரு தடித்த தூணாக விட்டு, முன்பக்கம் மாடத்தில் புத்தரை வைத்து, தூணைச் சுற்றிவரக் குறுகலான வழி வெட்டினார்கள். துன்ஹுவாங்கின் தொடக்கக் குகைகளிலும் இந்த நடுத்தூண் உண்டு. பின்னர் அதையும் விட்டுவிட்டு, கவிழ்த்த மரக்கால்போன்ற விதானம் கொண்ட சதுரக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். தூண் போனதும் நான்கு சுவரும் முழுசாகக் கிடைத்தன. தாங் அரசமரபின் காலத்தில் ஒரு சுவர் முழுக்க ஒரே சொர்க்கக் காட்சி வரைய முடிந்தது அதனால்தான்.

மண்பூச்சு: ஓவியத்தின் உண்மையான உடம்பு

பார்வையாளர் கண்ணுக்கே படாத அடுக்கு இது. எல்லா வெற்றி தோல்வியும் இதில்தான்.

முதல் கை கரடானது. அஜந்தாவில் செம்மண் கலந்த களிமண், பாறைத்தூள், மணல், உமி, புல், செடிநார். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓவியங்களைப் பார்த்துப் படி எடுத்த பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், களிமண்ணும் சாணமும் கல்தூளும் உமியும் கலந்த பூச்சு எட்டில் ஒரு அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தடிமன் என்றும், அதன்மேல் முட்டையோடு அளவுக்கு மெல்லிய வெள்ளைப் பூச்சு என்றும் எழுதினார். துன்ஹுவாங்கில் ஆற்றுப்படுகை வண்டல், மணல், வைக்கோல். மேல்கைக்கு வைக்கோலுக்குப் பதில் சணல் போன்ற நயமான நார். எல்லோராவின் சாந்தில் கஞ்சாச் செடியின் நார் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. களிமண் ஒட்டும், ஆனால் காயும்போது சுருங்கும். மணலும் கல்தூளும் சுருக்கத்தைக் குறைக்கும். நார், சுருங்கும் சாந்து வெடிக்காதபடி இழுத்துப் பிடிக்கும். களி மிகுந்தால் சுவர் காய்ந்த குளம்போல் வெடிக்கும். மணல் மிகுந்தால் தொட்டால் உதிரும். தடிமனாக ஒரே கையில் பூசினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, பாறையைவிட்டுப் பொருமிக்கொள்ளும். கொத்து வேலை தெரிந்த எவருக்கும் இது புதிதல்ல. முதல் கை காய்ந்த பிறகே அடுத்த கை.

சிகிரியாவிலும் இதே தர்க்கம். காசியப்பன் காலத்து (477–495) அந்த மேகப் பெண்களுக்குக் கீழே மண்சாந்து, அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த மேல்பூச்சு. காலத்தைப் பாருங்கள்: அஜந்தாவின் பெரும் குகைகளில் வேலை நடந்த அதே தலைமுறை.

கோடும் நிறமும்

வெள்ளை அடியின்மேல் முதலில் காவிக் கோட்டில் உருவரை. பிறகு நிறத்தை நிரப்புவார்கள். நிறம் ஏறியதும் பழைய கோடு மறைந்துவிடும் என்பதால், கடைசியாகக் கறுப்பிலோ அடர்காவியிலோ மறுபடி கோடிழுத்து முடிப்பார்கள். அஜந்தாவில் மேல்நிறம் உதிர்ந்த இடங்களில் முதல் கோடு எட்டிப்பார்க்கும். சில இடங்களில் இரண்டும் பொருந்தாது. ஓவியர் நடுவில் மனம் மாறிய இடம் அது.

துன்ஹுவாங்கில் ஆயிரம் புத்தர்களை வரிசையாக வரைய அச்சு வைத்திருந்தார்கள். தாளில் உருவத்தை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, சுவரில் ஒட்டி வண்ணத்தூள் பொதியால் தட்டுவது. தெருவில் விற்கும் துளைபோட்ட கோல அச்சின் தத்துவம்தான். அப்படித் துளையிட்ட தாள்கள் அங்கேயே 17ஆம் குகையில் கிடைத்தன. வரிசையில் உள்ள புத்தர்களின் ஆடை நிறங்களைக் குறிப்பிட்ட சுழற்சியில் மாற்றி, அடுத்த வரிசையில் ஓர் இடம் தள்ளித் தொடங்குவார்கள். அருகில் நின்றால் சிறுசிறு புத்தர்கள். தள்ளி நின்றால் சுவரில் சாய்வான ஒளிக்கீற்றுகள்.

நிறங்கள் பெரும்பாலும் மண்ணும் கல்லும். அஜந்தாவில் செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பும் வெள்ளைக் களிமண்ணும். நீலம் மட்டும் தூரத்துச் சரக்கு. லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைச் சுரங்கத்திலிருந்து வந்தது. அஜந்தாவின் முதல் கட்டமான கி.மு. 2–1ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் அது இல்லை. வாகாடக மன்னன் ஹரிசேணன் காலத்து 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் இருக்கிறது. நீலத்தைக் கண்டால் பிற்காலம் என்று புதியவர்கள்கூட உத்தேசமாகச் சொல்லிவிடலாம். சுரங்கத்துக்கு அருகிலிருந்த கிசிலில் நீலத்தை அள்ளி இறைத்திருக்கிறார்கள். துன்ஹுவாங்கில் லாபிஸோடு அசுரைட், மலக்கைட் என்ற செம்புத் தாதுக்களும், சாதிலிங்கமும், ஈயச்செந்தூரமும் சேர்ந்தன.

இனி, அதிகம் குழப்பப்படும் விஷயம். இந்த ஓவியங்களை 'பிரெஸ்கோ' என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் தவறு. பிரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்டுவது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக மாறும்போது நிறத்தையும் தன்னுள் பூட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், ஆனால் சாந்து உலர்வதற்குள் முடிக்க வேண்டும், திருத்தவும் முடியாது. அஜந்தாவும் துன்ஹுவாங்கும் அப்படியல்ல. காய்ந்த சுவரில், விலங்குத்தோலைக் காய்ச்சிய வச்சிரம் போன்ற பசையில் நிறத்தைக் குழைத்துத் தீட்டியவை. நிதானமாக வேலை செய்யலாம், மெல்லிய சாயல்களைப் படிப்படியாக ஏற்றலாம். விலை என்னவென்றால், நிறத்தைப் பிடித்திருப்பது வெறும் பசை; தண்ணீர் பட்டால் இளகும், பூஞ்சைக்கு உணவாகும்.

இந்த வேறுபாட்டை ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன். 1930களில் அஜந்தா, சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் சுவர்த் துணுக்குகளை ஆராய்ந்து, தஞ்சையின் சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய உண்மையான பிரெஸ்கோ என்றார். ஆக, 'அஜந்தா பாணி' என்று நாம் ஒரே கூடையில் போடும் இரண்டும் பொருளளவில் வெவ்வேறு ரகம்.

பாமியான் இன்னொரு திருப்பம் கொடுத்தது. அங்குள்ள குகைகள் சிலவற்றில் 7ஆம் நூற்றாண்டு அளவில் நிறத்தை உலரும் எண்ணெயில் குழைத்திருக்கிறார்கள் என்பது 2008இல் வெளிவந்த ஆய்வு. எண்ணெய் ஓவியம் ஐரோப்பாவில் பிறந்தது என்ற பழைய பாடத்தை இது பல நூற்றாண்டுகள் பின்னே தள்ளியது.

மேடும் பள்ளமும்

அஜந்தாவின் உருவங்கள் திரண்டு தெரிவதற்குக் காரணம் நிழல் விழுத்தும் முறை. விளக்கு ஒரு பக்கத்திலிருந்து எரிவதுபோன்ற நிழல் அல்ல. உடம்பின் விளிம்பு இருளும், நடு வெளிறும். மூக்கு, உதடு, தாடை மேல் ஒரு வெள்ளை ஒளிப்பொட்டு. விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய வடமொழி நூலின் சித்திரப் பகுதி இதை வர்த்தனை என்று பெயரிட்டு, இலைநரம்புபோன்ற கீற்றால், மெல்லிய சாயத்தால், புள்ளியால் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது.

இந்த முறை பட்டுப்பாதை வழியே நடந்தே போயிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் ஜாங் செங்யோவ் என்ற ஓவியர் இன்றைய நான்ஜிங்கில் ஒரு கோயில் வாயிலில் இந்திய முறையில் பூக்கள் வரைந்தார். தூரத்தில் மேடுபள்ளமாகத் தெரிந்தவை கிட்டே போனால் தட்டையாக இருந்ததால் ஊரார் அதை 'மேடுபள்ளக் கோயில்' என்றே கூப்பிட்டார்கள் என்று சீனக் குறிப்பு சொல்கிறது. துன்ஹுவாங்கின் மிகப் பழைய குகைகளான 272, 275இல் இதே விளிம்பு நிழலைப் பார்க்கலாம். ஆனால் இன்று அது கறுத்த பட்டையாகத் தெரியும். முகத்தில் கண்ணும் மூக்குத்தண்டும் மட்டும் வெள்ளை. அதை வேண்டுமென்றே செய்த முரட்டு நவீன பாணி என்று நினைத்து ரசிப்பவர்கள் உண்டு. ஓவியர் தீட்டியது இளஞ்சிவப்பு, காலம்தான் கறுப்பாக்கியது. காரணத்தைக் கீழே பார்ப்போம்.

கதைச் சுவரைப் படிக்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகங்களை இடமிருந்து வலமாகப் படக்கதைபோலப் படிக்கப் போனால் தலை சுற்றும். அஜந்தா 17ஆம் குகையில் விசுவந்தர ஜாதகத்தைக் காலப்படி அடுக்கவில்லை, இடப்படி அடுக்கியிருக்கிறார்கள். அரண்மனையில் நடந்தவை ஒரு பக்கம், காட்டில் நடந்தவை ஒரு பக்கம். ஒரே ஆள் ஒரே சட்டத்துக்குள் மூன்று முறை வருவார். துன்ஹுவாங் 257ஆம் குகையின் ஒன்பது நிற மான் கதை இன்னும் சுவையானது. இடது ஓரத்தில் மான், ஆற்றில் மூழ்கியவனைக் காப்பாற்றுகிறது. வலது ஓரத்தில் அவனே அரசனிடம் மானைக் காட்டிக்கொடுக்கிறான். இரு முனையிலிருந்தும் கதை நகர்ந்து, அரசனும் மானும் நேருக்கு நேர் நிற்கும் உச்சம் நட்டநடுவில் வருகிறது.

எங்கே எது கெடுகிறது

அடுக்குக்கு ஒரு நோய் உண்டு. பாறையில் நீர்க்கசிவு. மண்பூச்சில் பூச்சி: வைக்கோலையும் உமியையும் வெள்ளிமீன் போன்ற பூச்சிகள் தின்று, வெளியே படம் முழுசாகத் தெரிய உள்ளே கூடாகிவிடும். விரலால் தட்டினால் டப்டப் என்று வெற்றொலி வரும் (தட்டிப்பார்க்கும் உரிமை பாதுகாப்பு வேதியியலாளருக்கு மட்டும்). நிறத்தின்மேல் வௌவால் எச்சம், விளக்குப் புகை, மனிதக் கை.

துன்ஹுவாங்கின் நோய் உப்பு. மழையே அரிது, அதுதான் இத்தனை காலம் ஓவியத்தைக் காத்தது. ஆனால் சரளைப்பாறைக்குள் இயற்கையாகவே உப்பு இருக்கிறது. தூய சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும். வேறு உப்புகளோடு கலந்திருந்தால் அதற்கும் குறைவிலேயே. கரைந்த உப்பு மண்பூச்சின் வழியே மேலே ஊறும். காற்று உலர்ந்ததும் படிகமாகும். படிகம் பருத்து நிறத்தை நெட்டித் தள்ளும். நம் பழைய வீட்டு அடிச்சுவரில் உவர் ஏறிச் சுண்ணாம்பு உரிவது இதே வினைதான். கதவு திறந்து கூட்டம் உள்ளே மூச்சுவிட்டால் ஒவ்வொரு நாளும் இந்தச் சுழற்சி நடக்கலாம். அதனால்தான் அங்கே முன்பதிவோடு நாளொன்றுக்கு 6,000 பேர் என்று வரம்பு வைத்து, ஒருவருக்கு எட்டுக் குகை என்ற அளவில் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். துன்ஹுவாங் ஆய்வகமும் அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் 85ஆம் குகையில் பல ஆண்டுகள் உழைத்து இந்த உப்பின் வழியைத் துலக்கின.

கறுத்த முகங்களுக்கு வருவோம். ஈயச்செந்தூரம் பிரகாசமான ஆரஞ்சுச் சிவப்பு, மலிவானது. ஆனால் வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் பழுப்புக் கறுப்பான ஈய டை ஆக்சைடாக மாறிவிடும். தோல் நிறத்துக்கு அதை வெள்ளையோடு கலந்தார்கள்; தோல்தான் கறுத்தது. காவி அப்படி மாறாது. அது ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பு, மேலும் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. காவியை அதிகம் நம்பிய அஜந்தாவின் சிவப்பு இன்றும் சிவப்பாக இருப்பதன் ரகசியம் இவ்வளவே.

அஜந்தாவுக்குப் பெரிய தீங்கு செய்தவர்களில் அதை நேசித்தவர்களும் அடக்கம். படி எடுக்க வசதியாகப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் வார்னிஷ் தடவினார்கள். 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள் பெயர்ந்த சாந்தைத் திறமையாக ஒட்டினார்கள். கூடவே பாதுகாப்புக்கென்று அரக்குப் பூச்சும் கொடுத்தார்கள். அது மஞ்சளாகிப் பழுப்பாகி, நீலத்தைப் பச்சையாகவும் வெள்ளையைத் தேன்நிறமாகவும் காட்டியது. அந்தப் பூச்சைக் கரைப்பான் தோய்த்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே பின்னால் தொல்லியல் துறை வேதியியலாளர்களுக்குப் பல்லாண்டு வேலையானது. படிகளின் கதியும் நன்றாக இல்லை: ராபர்ட் கில் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1844 முதல் எடுத்தவற்றில் பெரும்பகுதி 1866இல் லண்டன் படிகமாளிகை (கிரிஸ்டல் பேலஸ்) தீயில் போயிற்று, கிரிஃபித்ஸ் குழுவின் பல படிகள் 1885இல் லண்டனிலேயே வேறொரு தீயில்.

அடுக்கு அமைப்பைத் திருடர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். கிசிலிலும் அதே மேற்குச் சீனப் பகுதியின் பெசெக்லிக்கிலும் ஜெர்மானியக் குழு மண்பூச்சோடு சேர்த்துப் பெயர்த்தது: படத்தைச் சுற்றிக் கத்தியால் பாறைவரை வெட்டி, பக்கத்தில் குழி பறித்து, பூச்சுக்கும் பாறைக்கும் நடுவே மெல்லிய ரம்பத்தை நுழைத்து அறுத்து, மெத்தை வைத்த பலகையில் சாய்த்து எடுப்பது. பெர்லினில் சுவரோடு பதித்த பெரிய துண்டுகளை இரண்டாம் உலகப் போரில் கழற்ற முடியாமல் குண்டுவீச்சில் இழந்தார்கள். 1924இல் துன்ஹுவாங் வந்த அமெரிக்கர் லாங்டன் வார்னர் வேறு அடுக்கைக் குறிவைத்தார். சூடான பசையில் நனைத்த துணியைச் சுவரில் ஒட்டி, நிறப்படலத்தை மட்டும் உரித்தார். அந்த வெறும் சதுரங்கள் இன்றும் சுவரில் இருக்கின்றன.

நேரில் பார்க்கப் போனால்

அஜந்தாவுக்குத் திங்களன்று விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாயன்று. இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள். குகை எண்கள் பாதை வரிசையே தவிரக் கால வரிசை அல்ல. 1ஆம் எண் மிகப் பழையது என்று எண்ண வேண்டாம். நேரம் குறைவென்றால் 10, 9 என்று பழையவற்றில் தொடங்கி, 16, 17 பார்த்துவிட்டு, 1, 2க்குத் திரும்புங்கள். ஆறு நூற்றாண்டு இடைவெளி கண்ணுக்குத் தானாகத் தெரியும். ஃபிளாஷ் கூடாது. வெயிலிலிருந்து வந்ததும் உள்ளே ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும், பெரும்பாலோர் அதற்குள் வெளியேறிவிடுகிறார்கள்.

10ஆம் குகையின் ஒரு தூணில், 1819 ஏப்ரல் 28 என்ற தேதியோடு ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி கீறிய பெயர், நம் தலைக்கு மேலே இருக்கும். அவர் உயரம் அதற்குக் காரணமல்ல; அன்று தரைமேல் அவ்வளவு இடிபாடு குவிந்திருந்தது, அதன்மேல் நின்று கீறியிருக்கிறார். பிறகு பத்மபாணியின் முகத்தைப் பார்த்து முடித்ததும், படம் உடைந்து நிற்கும் ஓரம் எதையாவது தேடுங்கள். அங்கே உளித்தடத்தோடு கறுத்த பாறையும், அதைப் பிடித்திருக்கும் செம்மண்ணும், மண்ணில் பதிந்த உமியின் தடமும், நகக்கண் அளவுகூட இல்லாத வெள்ளைக் கோடும், அதன் விளிம்பில் நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.